மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பை

கல்யாணத்திற்குப் புறப்படுகின்றவர்களுக்கும், தீர்த்த யாத்திரை புறப்படுகின்றவர்களுக்கும், இன்னின்ன சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தர வீட்டிலே பெரியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் புறப்படும்போது மட்டும் அவ்வாறு சொல்லித் தருவோர் இல்லை. ஏனெனில் சொல்லித் தர வேண்டிய பெரியவரே அன்று படுக்கையில் கிடப்பார். ஆகவே பை கட்டுகின்ற பொறுப்பு, பெரும்பாலும், வீட்டில் படிக்கின்ற பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. "உனக்குத்தான் சீட்டிலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும், நீ கூடப் போ" என்று அனுப்பி விடுவார்கள். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களில் இது அன்றாடம் நடப்பது. அதனால்தான் மாணவர்களாகிய உங்களிடம் இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நினைவு தெரிந்து நான் கண்ட முதல் மருத்துவமனைப் பிரயாணம் 1971ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. என் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்காவது சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று, காரியாபட்டி வழியாக மதுரைக்குச் செல்லும் பேருந்தில் அவரை ஏற்றினார்கள். சென்ற இடம், வைகையின் வடகரையில், அந்நாளில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று வழங்கிய பெரிய ஆஸ்பத்திரி. இப்போது அதன் பெயர் அரசு இராசாசி மருத்துவமனை. பேருந்தின் கூரைமேல் ஏற்றிய மூட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோரைப்பாய் இரண்டு, இலவம்பஞ்சுத் தலையணை, தூக்குச்சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, கம்பு மாவு, கருவாடு, பனங்கற்கண்டு, வேப்பங்குச்சி ஒரு கட்டு, தண்ணீருக்கு ஒரு செப்புக்குடம். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் எங்கே சென்றாலும் தண்ணீர் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயத்தோடுதான் செல்வார்கள். ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் குடிபெயர்கிறதோ என்று கண்டவர் நினைத்திருப்பர்.

அதிலும் நியாயம் இருந்தது. அந்நாளில் புரைச் சிகிச்சை செய்துகொண்டவர், தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை அணைத்து வைக்க, அசையாமல் மல்லாந்து நாட்கணக்கில் கிடக்க வேண்டும். புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்களே ஒழிய, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும் முறை இங்கே பரவவில்லை. ஆகவே பின்னாளில் சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றை அணிந்து கொண்டால்தான் பார்வை. இன்றைக்குச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தி, பலரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த மாற்றத்தை ஏழைகளிடம் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர், எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்து, ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டிலேயே பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சிகிச்சை மாற மாற மூட்டையும் மாற வேண்டும். ஆனால் நம்மவர்கள் இன்றும் 1971ஆம் ஆண்டின் மூட்டையையே கட்டுகிறார்கள். நானும் கட்டியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். திருச்சுழியில் இருக்கும் என் அக்காள், அப்போது வயது எழுபத்தாறு, மழை ஈரத்தில் வாசற்படி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து போயிற்று. மகன் திருப்பூரில். மருமகள் கைகால் ஓடாமல் நின்றாள். 108 வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்து, பள்ளிச் சுற்றுலாக்களுக்கெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்த நான், "விலகுங்கள், நான் கட்டுகிறேன்" என்று முன்வந்தேன்.

நல்ல சேலைகள் மூன்று, கம்பளி ஒன்று, பெரிய பிளாஸ்க், ஆப்பிள் இரண்டு கிலோ, ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில், சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம். பொழுது போக வேண்டுமே என்று அக்காள் வழக்கமாகப் படிக்கும் கதைப்புத்தகம் ஒன்றையும் மறவாமல் வைத்தேன். புத்தகத்தை எடுத்த அலமாரியில், அதற்கு ஒரு சாண் தள்ளி, அவருடைய மூக்குக் கண்ணாடி இருந்தது. காதுக்கு வைக்கும் கருவி அதன் பக்கத்திலேயே சிறு டப்பாவில் இருந்தது. இரண்டையும் நான் எடுக்கவில்லை.

ஒரு நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த மருத்துவர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டார். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது" என்றார். தேர்வில் விடை தெரியாமல் விழிக்கும் மாணவர்களை எத்தனையோ முறை நான் அப்படிப் பார்த்ததுண்டு.

மறுநாள் அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அன்றிரவுதான் தொல்லை தொடங்கிற்று. அக்காள் திடீரென்று, "யாரோ தலைமாட்டில் நிற்கிறான், போகச் சொல்" என்று கூவினார். அங்கே நின்றது குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி. "மாட்டைக் கட்டவில்லை" என்று எழப் பார்த்தார். அவர் மாடு விற்று இருபது ஆண்டு ஆயிற்று. என்னையே "நீ யார்?" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஏதோ காற்றுச் சேஷ்டை என்றும், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றும் கூறினர். புத்தியே பேதலித்துவிட்டது என்று மருமகள் அழுதாள். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை; ஆனால் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

விடியற்காலையில் வந்த ஒரு நர்ஸ் பெண், வயது இருபத்தைந்துதான் இருக்கும், இரண்டே கேள்விகள் கேட்டாள். "பாட்டிக்குக் கண்ணாடி உண்டா, சார்? காது நன்றாகக் கேட்குமா?"

மருமகன் முறையுள்ள ஒரு பையன் முதல் பேருந்தில் ஊருக்குப் போய், உச்சிப்பொழுதுக்குள் இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தான். மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டைகளும் அவனோடு வந்தன. கண்ணாடியை மாட்டியவுடனே தெளிவு வந்துவிட்டது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், அது உண்மையாகாது. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் குறைந்திருந்த உப்பைச் சரிசெய்தார்கள். எழுப்பி உட்கார வைத்தார்கள். நாங்களும் மாறி மாறி அருகிருந்து, "இன்று வியாழக்கிழமை, அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், கால் சரியாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அவர், "தம்பி, நீ ஏன் இன்னும் சவரம் செய்துகொள்ளவில்லை?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இதற்கு மருத்துவர்கள் டெலிரியம் என்று பெயர் சொல்கிறார்கள். சித்தக் குழப்பம் என்று நாம் தமிழில் கூறலாம். முதியவர்கள் நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ தளர்ந்து, பழகாத இடத்தில் கிடக்கும்போது, ஓரிரு நாளில் திடீரென்று வருவது. பகலில் தணிந்து இரவில் மிகுவது. மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வளரும் மறதிநோய் வேறு, இது வேறு. பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆயினும் சிலருக்கு நெடுநாள் நீடிப்பதும் உண்டு. ஆகையால் வராமல் காப்பதே நல்லது. காக்க முடியுமா என்று அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஷாரன் இனோயி என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிப் பேருக்கு அதனோடு சில எளிய காரியங்கள்: கண்ணாடியும் செவிக்கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கச் செய்வது, நாளையும் இடத்தையும் நினைவூட்டுவது, எழுப்பி நடத்துவது, போதிய நீர் பருகச் செய்வது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பால் கொடுத்து முதுகைத் தடவி விடுவது. முதல் பாதியில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குச் சித்தக் குழப்பம் வந்தது. மறுபாதியில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கே வந்தது. பால், தண்ணீர், கண்ணாடி! எங்கள் ஊர்ப் பாட்டிமார் அறியாத பொருள் இவற்றுள் எதுவும் இல்லை.

அதனால், இளம் நண்பர்களே, பையைத் திறந்தவுடன் முதலில் உள்ளே போக வேண்டியவை நோயாளி எவற்றால் பார்க்கிறாரோ, கேட்கிறாரோ, மெல்கிறாரோ, நடக்கிறாரோ அவைதாம். கண்ணாடி, காதுக் கருவியும் அதற்கு மாற்றுப் பாட்டரியும், பல்செட்டு, ஊன்றுகோல். ஒவ்வொன்றையும் மூடியுள்ள டப்பாவில் இட்டு, மேலே பெயர் எழுதிவிடுங்கள். பல்செட்டைக் காகிதத்தில் மடித்து வைத்தால், குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அப்படிப் போனதை நான் அறிவேன். எண் பெரியதாக உள்ள ஒரு கடிகாரமும் இருக்கட்டும். திரை போட்ட கூடத்தில் படுத்திருப்பவருக்கு இரவா பகலா என்பதே தெரியாது.

அடுத்தது மருந்து. வெளிநாடுகளில் மருத்துவர் பலர், நோயாளி உண்ணும் மருந்து அனைத்தையும் ஒரே பையிலிட்டு அப்படியே கொண்டுவரச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அதற்கென்றே பிறந்தது மஞ்சப்பை! 2021இல் தமிழ்நாட்டு அரசு மீண்டும் புழக்கத்திற்குக் கொண்டுவர முனைந்த அதே துணிப்பைதான். மாத்திரைகளைக் கொட்டி எடுத்துச் செல்லாமல் அட்டையோடு போடுங்கள். பெயரும் அளவும் அதில்தான் அச்சாகியிருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வரும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மினை இரு பெயர்களில் இரு மருத்துவரிடம் வாங்கி, இரண்டையும் விழுங்கி வருவோர் உண்டு. அட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அது வெளிப்படும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைச் சொல்லாமல் விட்டால் அறுவையின்போது குருதி நில்லாது போகலாம். மூட்டுவலிக்கு வைத்தியரிடம் வாங்கிய லேகியம், சூரணம் இவற்றையும் கூச்சப்படாமல் காட்டுங்கள். என் அக்காள் லேகியத்தைச் சொல்லவே இல்லை. "அது மருந்தா? அது சாப்பாடு மாதிரி" என்பது அவர் வாதம்.

எந்த மருந்து ஒவ்வாது என்பதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பழைய எக்ஸ்ரே, ஈசிஜி, முன்பு வேறு மருத்துவமனையில் தந்த சீட்டுகள் ஆகியவை தேதி வரிசையில் இருக்கட்டும். 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். நள்ளிரவில் நகல் எடுக்கும் கடையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவன் சொல்கிறேன்.

உடுப்புக்கு வருவோம். நல்ல சேலையை எடுத்துச் சென்றது என் இரண்டாவது தவறு. படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியது பழைய நூல் துணி. நெசவாளர் ஊராகிய அருப்புக்கோட்டையில் இதை நான் விளக்க வேண்டியதில்லை: பலமுறை வெளுத்து மெதுவான பருத்தி, வியர்வையை உறிஞ்சும், தோலை உராயாது. ஒரே பக்கம் கிடப்பவருக்கு ஈரமும் மடிப்பும் சேர்ந்தால் படுக்கைப்புண் உண்டாகும். முன்புறம் திறக்கும் சட்டை, எளிதில் அவிழும் வேட்டி அல்லது நைட்டி, துண்டுகள் நான்கைந்து, பழைய வேட்டிகள் இரண்டு போதும். காலுக்கு வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்பு வேண்டும். தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு இரவில் ஈரமான கழிவறைக்குச் செல்கிறவர், ஒரு நோய்க்கு வந்து இன்னொன்றைத் தேடிக்கொள்கிறார்.

அறுவைச் சிகிச்சைக்குச் செல்கிறவர் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போக வேண்டியவையும் உண்டு. கம்மல், மூக்குத்தி, மோதிரம், வளையல் ஆகியவற்றை அங்கே கழற்றத்தான் சொல்வார்கள். குருதியை அடைக்க மின்சாரக் கருவியைப் பயன்படுத்தும்போது, உடம்பில் உலோகம் இருந்தால் அவ்விடத்தில் தீப்புண் ஏற்படக்கூடும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகிவிடும். தாலியைக் கழற்றுவதற்குப் பெண்கள் கலங்குவார்கள். அதற்கு எங்கள் பக்கத்து முதிய பெண்கள் கண்ட வழி, பொன்னைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் ஒன்றைக் கோத்துக் கட்டிக்கொண்டு செல்வது. மருத்துவர்களும் மறுப்பதில்லை. நகத்தில் பூச்சும் கருகருவென்ற மருதாணியும் வேண்டா. விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி, நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கிறது. பூச்சு அந்த ஒளியை மறைத்துக் கணக்கைக் கெடுக்கலாம்.

"வெறும் வயிற்றோடு வர வேண்டும்" என்று சொல்லியிருந்தால் அது சடங்கன்று. மயக்க மருந்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. திட உணவு என்றால் ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். "பாவம், ஒரு வாய் காப்பி" என்று இரக்கப்பட்டுக் கொடுத்துவிடும் அத்தைமார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நோயாளியைக் காப்பது உங்கள் வேலை.

இனிச் சௌகரியம். மின்சாரம் நின்றால் பனையோலை விசிறிக்கு ஈடு ஒன்றுமில்லை. வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க், பழகிய டம்ளர், தட்டு, கரண்டி, சோப்பு. இரவில் கண்ணை மறைக்க ஒரு கறுப்புத் துணி. விளக்கு அங்கே அணைவதே இல்லை. கைப்பேசிக்கு நீண்ட கம்பியுள்ள சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மணியோசையை அடக்கிவிடுங்கள். நோயாளிக்குத் தேவையற்ற ஓசையைப் போலக் கொடியது இல்லை என்பதை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதி வெளியிட்ட செவிலியக் குறிப்புகளிலேயே விரிவாக வற்புறுத்தியிருக்கிறார். நோயாளியின் அறைக்குள்ளே நின்று ரகசியமாகக் குசுகுசுவென்று பேசுவதைக்கூட அவர் கொடுமை என்று கருதினார். நம் ஊரில் பார்க்க வருகிறவர்களோ குசுகுசுப்பதில்லை. படுக்கையைச் சுற்றி வட்டமாக நின்று, இதே நோயால் இறந்துபோனவர்களின் வரலாற்றை உரத்த குரலில் சொல்வார்கள். அவர்கள் கொண்டுவரும் சேவும் மிட்டாயும் சர்க்கரை நோயாளியின் தலையணை அடியில் போய்ச் சேரும். மல்லிகைச் சரமும் வரும். எங்கள் பக்கத்து மல்லிகையின் மணம் எனக்கும் உயிர்தான். ஆனால் மூச்சிரைப்புக்காரர் பக்கத்துப் படுக்கையில் இருக்கும்போது அதை வெளியிலேயே வைத்துவிட வேண்டும்.

துணைக்கு இருப்பவருக்கு ஒரு சிறு பை தனியே வேண்டும். இதை எவரும் நினைப்பதில்லை. பாய், போர்வை, மாற்றுத்துணி, வயதானவரானால் அவருடைய சொந்த மாத்திரை. அக்காளின் படுக்கைக்கு அருகே நான்கு நாள் இருந்த நான், என் இரத்த அழுத்த மாத்திரையை ஊரிலேயே விட்டு வந்திருந்தேன். ஐந்தாம் நாள் எனக்குத் தலை சுற்றியது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆகியிருப்போம். ஒரு சிறு நோட்டும் பேனாவும் அந்தப் பையில் இருக்கட்டும். மருத்துவர் வந்து பேசுவது இரண்டு நிமிடம். அவர் போனபிறகு, என்ன சொன்னார் என்பதில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். கேட்க வேண்டியதை முன்கூட்டி எழுதிவைத்துக் கேளுங்கள்; சொன்னதை அப்போதே எழுதுங்கள்.

திரும்பும்போதும் பையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியும் பல்செட்டும் உள்ளே வந்தனவா? டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள மருந்துகளுக்கும், வீட்டில் முன்பே உண்டு வந்தவற்றுக்கும் என்ன வேறுபாடு, எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று வாசலைத் தாண்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் வந்து சேர்ந்தபின் கேட்பதற்கு ஆள் கிடைக்காது. 2022 சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது எங்கள் மக்களுக்குப் பேருதவி; எனினும் குண்டாற்றங்கரைச் சிற்றூரிலிருந்து அதுவும் பேருந்து மாறிச் செல்லும் தூரம்தான்.

என் அக்காள் இப்போது கோலூன்றி நடக்கிறார். உள்ளறைக் கதவின் அருகே ஓர் ஆணியில் மஞ்சப்பை ஒன்று எந்நேரமும் தொங்குகிறது. மாத்திரை அட்டைகளும் சீட்டுகளும் அதில் இருக்கின்றன. கண்ணாடியைக் கழற்றினால் அதற்குள்தான் போடுகிறார். மேலே நான் எழுதிய தாள். சென்ற மாதம் போயிருந்தபோது, "தம்பி, மஞ்சள் மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டார், அடித்துவிட்டு எழுது" என்றார். அடித்துவிட்டு எழுதினேன். எழுத்துச் சிறிதாக இருக்கிறதென்று சொல்லி, மறுபடியும் எழுத வைத்தார்.